கவிழ்த்துப் போட்ட படகில் என் பாதி

முதலில் என் முட்டாள்தனத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு மரியாதையாகப் பேசலாம். நான் ஒரு படகின் இடது பாதியைப் பார்த்துப் பொறாமைப்பட்டவன். அடுத்தவன் காரைப் பார்த்தோ, அவன் பிள்ளை வாங்கிய மார்க்கைப் பார்த்தோ பொறாமைப்பட்டால் அதில் ஒரு கௌரவமாவது இருக்கிறது. கவிழ்த்துப் போட்ட படகின் அடியில், அதிலும் பாதி அடியில், பழைய பெயின்ட் எவ்வளவு வழவழப்பாக உரிந்திருக்கிறது என்று பார்த்து வயிறு எரிந்தவன் தாம்பரம் வட்டாரத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

படகு என் சகலையுடையது. என் மனைவியின் அக்காளைக் கட்டியவர். வயதில் என்னைவிட இரண்டு வருஷம் இளையவர். ஆனால் மூத்த மாப்பிள்ளை என்பதால் அவர் என்னைத் ‘தம்பி’ என்பார், நான் அவரை ‘அண்ணா’ என்றாக வேண்டும். எனக்கு முன்மண்டையில் முடி போய்விட்டது. அவருக்குச் சீப்பு சிக்குகிற அளவுக்கு முடி. நாங்கள் சேர்ந்து மளிகைக் கடைக்குப் போய், நான் அவரை அண்ணா என்று கூப்பிடும்போது கடைக்காரர் ஒரு நொடி தராசை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்ப்பார். அந்த ஒரு நொடியைப் பல வருஷமாக அனுபவித்து வருகிறேன்.

அக்காளும் தங்கையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று பெருங்களத்தூரில், ஜிஎஸ்டி சாலையிலிருந்து நன்றாக உள்ளே தள்ளி, அடுத்தடுத்த மனை வாங்கினோம். வாங்கியது மே மாதத்தில். தரை வெடித்துக் கிடந்தது, மாடு மேய்ந்தது, புரோக்கர் ‘நல்ல காற்று சார்’ என்றார். காற்று நல்ல காற்றுதான். ஐப்பசியில் அதே இடம் ஏரிக்குத் தம்பியாகிவிடும் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை. சகலை சந்தேகப்பட்டு அடித்தளத்தை மார்பளவு உயர்த்திக் கட்டினார். நானோ, வயதான காலத்தில் படியேற முடியுமா என்று தொலைநோக்கோடு யோசித்துத் தரையோடு தரையாகக் கட்டினேன். அதற்குப் பிறகு ரோடு போட்டார்கள், அதன் மேல் இன்னொரு ரோடு போட்டார்கள். இப்போது அவர் வீட்டுக்கு ஏறிப் போக வேண்டும். என் வீட்டுக்கு இறங்கி வர வேண்டும். வருகிறவர்கள் எல்லாரும் வாசலில் நின்று இந்த வித்தியாசத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே வந்ததில்லை.

சில வருஷங்களுக்கு முன் வந்த ஒரு பெருமழையில் தண்ணீர் என் ஜன்னல் கம்பியைத் தொட்டபோது, சகலை பாத்திர வாடகைக் கடையிலிருந்து பிரியாணி அண்டா ஒன்றைக் கொண்டுவந்து எங்களை மீட்டார். முதலில் என் மனைவியை உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனார். அவள் பல்லக்கில் போகிறவள் மாதிரி போனாள். அடுத்து நான். முட்டி இரண்டும் தாடையில் இடிக்க, ஒரு கையில் குடை, மறு கையில் கேஸ் சிலிண்டர் புத்தகம். ஏன் கேஸ் புத்தகம் என்று இன்றுவரை எனக்கே தெரியவில்லை. அதை மொட்டை மாடியிலிருந்து அக்கா படம் எடுத்துவிட்டார். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் அந்தப் படம் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் வாழ்த்து அட்டை மாதிரி வரும். உறவில் உள்ள பொடியன்கள் எனக்கு ‘அண்டா சித்தப்பா’ என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஞானஸ்நானப் பெயரைவிட இது நன்றாக ஒட்டிக்கொண்டது.

ஆகவே எனக்கு வேண்டியது வேறொரு படம். அண்டா படத்தைக் கீழே தள்ளுகிற படம். அது எங்கிருந்து வரும் என்று தெரியாமல் இருந்தபோதுதான் சகலை படகு வாங்கினார்.

மழைக்காலம் தொடங்கக் கொஞ்ச நாள் இருக்கும்போது, கோவளம் பக்கத்திலிருந்து ஒரு பழைய ஃபைபர் படகைக் குட்டியானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தார். மேடவாக்கம் கூட்டுரோட்டில் தண்ணீர் லாரிகளுக்கு நடுவே படகு மாட்டிக்கொண்டதாம். இரண்டு பக்கமும் பைக்கில் வந்தவர்கள் படம் எடுத்தார்களாம். அவர் எங்கே வருகிறார் என்று லொகேஷன் பார்த்துக்கொண்டு தெருவே காத்திருந்தது. நான் ஆபீஸிலிருந்து மூன்று பேருந்து மாறி வந்தால்கூட யாரும் பார்ப்பதில்லை.

கூடவே இரண்டு துடுப்புகள் வந்தன. ஒருவர் மட்டும் போட்டால் படகு இருந்த இடத்திலேயே சுற்றும், இன்னொரு கை வேண்டும் என்று சகலை விளக்கினார். நான் உடனே கையைத் தூக்கினேன். பக்கத்தில் இன்னொரு கை தூக்கப்பட்டது. பார்த்தால் என் மனைவி. கல்லூரியில் படிக்கும்போது ஊட்டிச் சுற்றுலாவில் துடுப்புப் போட்டிருக்கிறாளாம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் சொல்லாத ஒரே சாதனை. சகலை இருவரையும் பார்த்துவிட்டு வழக்கமான சாந்தத்தோடு, “முதல்ல அடிய சுத்தம் பண்ணுவோம். அதப் பத்தி அப்புறம் பாத்துக்கலாம்” என்றார்.

அவர் சொன்னது அவ்வளவுதான். ஆனால் நான் கேட்டது வேறு. யார் அடியை நன்றாகச் சுத்தம் செய்கிறார்களோ அவர்களுக்கே இரண்டாவது துடுப்பு என்று என் காதில் விழுந்தது. துடுப்பு, கையில் துடுப்போடு நான், மாடியில் அக்காவின் செல்போன். மூன்றும் வரிசையாக என் கண்முன் வந்து நின்றன.

அவருடைய போர்ட்டிகோவில் காரை எடுத்துத் தெருவில் விட்டுவிட்டு, பழைய டயர்களின் மேல் படகைக் கவிழ்த்தோம். பழைய சொந்தக்காரர்கள் வருஷா வருஷம் உரிக்காமல் மேலேயே அடித்த பெயின்ட். மேலே நீலம், அங்கங்கே வெடித்து எழும்பி, அதன் கீழே பச்சை, அதன் கீழே சிவப்பு, நடுவில் ஏதோ ஒரு தேர்தல் காலத்து மஞ்சள். சிப்பி ஒட்டிய தடங்கள் வேறு. இதன் மேலேயே புதுப் பெயின்ட் அடித்தால் எல்லாம் சேர்ந்து பெயர்ந்துவிடும் என்பதால் மொத்தத்தையும் எடுக்க வேண்டும். படகின் நடுவில் முதுகுத்தண்டு மாதிரி ஒரு மேடு ஓடியது. அதற்கு இடப்பக்கம் அவர், வலப்பக்கம் நான். கையில் ஆளுக்கொரு பட்டி பார்க்கிற தகடு, ஒரு வாளித் தண்ணீர், உப்புத்தாள்.

சாயங்காலங்களிலும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பிறகும் உரித்தோம். அவர் தகட்டைப் படுக்கப் போட்டு, ஏதோ ஒரு கீர்த்தனையை மூக்கிலேயே பாடிக்கொண்டு தள்ளுவார். பெயின்ட் அப்பளப் பூ மாதிரி சுருண்டு சுருண்டு வரும். நான் அதே தகடு, அதே கோணம், அதே கீர்த்தனை. எனக்குப் பொடியாக உதிர்ந்து நேராகக் கண்ணுக்குள் போகும். அவருக்குப் பெயின்ட்கூட மரியாதை கொடுத்தது. எனக்கு எங்கள் ஆபீஸ் பியூன் கொடுக்கிற மரியாதையைத்தான் கொடுத்தது.

இதைவிடக் கொடுமை, அவருடைய பாதி கேட்டைப் பார்த்து இருந்தது. என்னுடையது காம்பவுண்டு சுவரைப் பார்த்து இருந்தது. தெருவில் போகிறவர்கள் கேட்டருகே நின்று அவருடைய பாதியைப் பாராட்டிவிட்டுப் போவார்கள். நான் சுவருக்கும் படகுக்கும் நடுவில், துணி துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டு, அந்தப் பாராட்டுகளைக் குரலாக மட்டும் கேட்பேன். காபி கொண்டுவருகிற என் மனைவியும் தம்ளர்களை அவர் பக்கத்துத் திண்டில்தான் வைப்பாள். என் காபிக்காக நான் படகைச் சுற்றிப் போக வேண்டும். போகும்போதெல்லாம் அவர் பக்கம் எவ்வளவு முடிந்திருக்கிறது என்று கண் போகும். காபி கசந்துவிடும். “அத்தான் பக்கம் பாருங்க, கழுவிக் கவுத்த சட்டி மாதிரி இருக்கு” என்று அவள் ஒருநாள் சொன்னாள். என் பக்கத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. சுவரோரம் வந்தால்தானே சொல்வதற்கு.

அன்றைக்கே ஒரு திட்டம் போட்டேன். என் பக்கம் வெயிலே படுவதில்லை, ஈரம் காயவில்லை, படகைத் திருப்பி வைத்தால் நல்லது என்று சகலையிடம் சொன்னேன். என் கெட்ட எண்ணத்துக்கு அவர் ஒரு சந்தேகமாவது பட்டிருக்கலாம். “ஆமா தம்பி, எனக்குத் தோணவே இல்ல” என்று தெருவில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டுத் தலைமாடு கால்மாடாகத் திருப்பிவிட்டார். இப்போது என் பாதி கேட்டைப் பார்த்தது. தெரு முழுக்க அதைப் பார்த்தது. அதுதான் பிரச்சினை. அவர் பாதி முக்கால்வாசி முடிந்திருந்தது. என் பாதியோ, சொறி பிடித்த எருமையின் விலாவைப் போல இருந்தது.

மறுநாள் காலை கேன் தண்ணீர் போடுகிறவர் கேனைத் தோளிலிருந்து இறக்காமலே நின்று பார்த்தார்.

“இன்னா சார், பூனை பிராண்டினா மாரி கீது?”

இன்னும் முடியவில்லை, வேலை நடக்கிறது என்றேன். அவர் எட்டி அந்தப் பக்கத்தைப் பார்த்தார்.

“அந்த சைடு சூப்பரா கீதே. அதுக்கு மட்டும் ஆள் வச்சிகினியா?”

ஆமாம் என்று சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். சகலையைக் கூலிக்கு வைத்த ஆளாக்குகிற வாய்ப்பு தினமுமா கிடைக்கும்? ஆனால் அவர் உள்ளிருந்து சிரித்துக்கொண்டே வந்து, கேனைத் தானே வாங்கி உள்ளே கொண்டுபோனார். கேன் தூக்குவதிலும் அவருக்கு ஒரு அழகு இருந்தது என்பதை வேறு நான் பார்த்துத் தொலைத்தேன்.

அந்த வாரமே அவருடைய பாதியில் எல்லா நிறமும் போய்ச் சுத்தமான வெள்ளை வந்துவிட்டது. சோப்புத் தண்ணீர் போட்டுக் கழுவி, பழைய பெட்ஷீட்டைப் போர்த்தி, கையைத் துடைத்துக்கொண்டார். எனக்குப் பாதி இடத்தில்தான் வெள்ளை தெரிய ஆரம்பித்திருந்தது. சனிக்கிழமை அவருக்கு ஓஎம்ஆரில் ஏதோ அவசர ஆபீஸ் வேலை. கிளம்பும்போது ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டே, “வெள்ள வந்ததும் நிறுத்திடுங்க தம்பி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

இந்த இடத்தில் பொறாமைக்காரனின் மூளை எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். நீலத்தின் கீழ் பச்சை, பச்சையின் கீழ் சிவப்பு, அப்புறம் மஞ்சள், அப்புறம் வெள்ளை. அப்படியானால் வெள்ளையும் ஒரு பெயின்ட்தானே? அவர் ஏன் வெள்ளையோடு நின்றுவிட்டார்? அலுத்துவிட்டது. நான் அதற்கு மேல் போய்விடக் கூடாது என்பதற்காக என்னையும் அங்கேயே நிறுத்தச் சொல்கிறார். மூத்த மாப்பிள்ளை ஒரு கோடு போடுவாராம், இளைய மாப்பிள்ளை அதற்கு இந்தப் பக்கமே நிற்பானாம். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் கண்டுபிடித்த முதல் குறை இது. அதை விட்டுவிட எனக்கு மனசு வரவில்லை.

மெயின் ரோட்டில் கிரில் பட்டறை வைத்திருப்பவரிடம் கிரைண்டிங் மெஷினை ஒரு நாளைக்குக் கேட்டு வாங்கினேன். மூக்கில் கைக்குட்டை, கண்ணில் மனைவியின் கூலிங் கிளாஸ். மெஷினைப் போட்டதும் ஒரு சத்தம், ஒரு புகை மாதிரி தூசி. மிச்சமிருந்த நிறமெல்லாம் போனது, வெள்ளை வந்தது. நிற்கவில்லை. வெள்ளையும் போனது. அதற்குக் கீழே பழுப்பும் பச்சையும் கலந்த ஒரு கரடுமுரடான பரப்பு, நார் நாராக. ஆஹா, இதுதான் படகின் நிஜ முகம் என்று நினைத்துக்கொண்டேன். வேலை முடிந்து சற்றுத் தள்ளி நின்று பார்த்தபோது நெஞ்சில் பல வருஷமாக எரிந்துகொண்டிருந்த ஏதோ ஒன்று அணைந்த மாதிரி இருந்தது. சகலையின் மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது. பாவம், வெள்ளையோடு நின்றுவிட்டார்.

காபியோடு வந்த மனைவி, சாக்குப் பை மாதிரி இருக்கிறதே, இது என்ன என்று கேட்டாள். “இதுதான் ஒரிஜினல்” என்றேன். அவள் நம்பவில்லை, ஆனாலும் படம் எடுத்துக் குடும்பக் குழுவில் போட்டாள். யார் யாரோ கைதட்டும் பொம்மை போட்டார்கள். சகலை பார்த்துவிட்டார் என்பதற்கு அவள் போனில் நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. பொறாமை என்று முடிவு செய்தேன். அந்த நோயைப் பற்றி எனக்குத்தானே நன்றாகத் தெரியும்.

அதற்குள் எனக்கு உடம்பெல்லாம் அரிக்க ஆரம்பித்திருந்தது. முதலில் முழங்கை, அப்புறம் கழுத்து, அப்புறம் வெளியே சொல்ல முடியாத இடங்கள். குளித்தால் இன்னும் அதிகமானது. வெளிச்சம் இருக்கும்போதே சகலை வந்துவிட்டார். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நேராகப் படகிடம் போனார். என் பாதியில் உள்ளங்கையை வைத்தார், எடுத்தார், விரல் நுனிகளைத் தேய்த்துப் பார்த்தார். நான் முதுகைப் போர்ட்டிகோ தூணில் தேய்த்துக்கொண்டே தீர்ப்புக்காக நின்றேன்.

“அது பெயின்ட் இல்ல தம்பி,” என்றார். “அது படகு.”

ஃபைபர் படகுக்குத் தோலே அந்த வெள்ளைதானாம். அச்சில் வார்க்கும்போதே சேர்ந்து வருவதாம். தண்ணீர் உள்ளே வராமல் தடுப்பது அதுதான். அதற்குக் கீழே இருப்பது வெறும் கண்ணாடி நார். அந்த நார்தான் இப்போது என் பனியனுக்குள் இருந்தது. பல வருஷத்து மீனவர்களும் உப்புத் தண்ணீரும் செய்ய முடியாததை நான் ஒரு மத்தியானத்தில் செய்திருந்தேன். படகின் தோலை உரித்துவிட்டேன்.

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் எனக்குக் கொஞ்சம் பலம் வரும். இனிமேல் நான் உங்கள் வீட்டுப் பக்கமே வர மாட்டேன் என்று ஒரு பிடி பிடித்துவிட்டுப் போய்விடலாம். அவர் திட்டவில்லை. ரொம்ப அரிக்கிறதா என்று கேட்டார். தேய்க்காமல் பச்சைத் தண்ணீரை மேலே ஊற்றச் சொன்னார். ஒட்டுகிற டேப்பைக் கொண்டுவந்து என் முதுகில் ஒட்டி ஒட்டி எடுத்து, கண்ணுக்குத் தெரியாத நாரை எல்லாம் தானே எடுத்துவிட்டார். பக்கத்து அறையில் என் மனைவி அக்காவிடம், அத்தானுக்குத்தான் எவ்வளவு பொறுமை, வேறு யாராவதாக இருந்தால் இந்நேரம் என்ன ஆகியிருக்கும் என்று மெல்லிய குரலில் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் குப்புறப் படுத்தபடி அதையும் கேட்டேன். நான் கெடுத்த படகிலிருந்தும் அவருக்குத்தான் நல்ல பெயர் வந்தது. அந்தப் பொறுமையின் மேல் எனக்கு வந்த பொறாமை, அரிப்பைவிட அதிகமாக இருந்தது.

அவர் ரெசின் என்கிற பசையும் கண்ணாடி நார்ப் பாயும் வாங்கி வந்து என் பாதிக்குப் புதுத் தோல் போட்டார். நான் டப்பாவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கையில் எந்த மெஷினும் தரவில்லை. ஆனால் ரெசின் இறுக வேண்டிய நேரத்தில் தூறல் பிடித்துக்கொண்டது. காற்றெல்லாம் ஈரம். அது பலாப்பழத்துப் பிசுக்கு மாதிரி பிசுபிசுவென்றே கிடந்தது. ஒரு வேப்பிலை, நாலைந்து கொசு, என் சட்டையின் கைநூல் எல்லாம் அதில் நிரந்தரமாகக் குடியேறின. இன்னும் ஒரு வாரம் வெயில் அடித்தால் நன்றாக இருக்கும் என்றார். வெயில் எங்கே அடித்தது? இருக்கிற வரைக்கும் போதும் என்று முழுப் படகுக்கும் நீலம் அடித்தோம். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரே படகு. கையை வைத்தால் இரண்டு.

மழை வந்தது. முதல் நாள் பள்ளிகளுக்கு விடுமுறை, இரண்டாம் நாள் ஏரியின் உபரித் தண்ணீர், மூன்றாம் நாள் வழக்கம்போல் முதலில் என் வீடு. நாங்கள் சகலை வீட்டு மாடிக்குப் போய்விட்டோம். தெருக்கோடியில் தனியாக இருக்கிற ஒரு வயதான டீச்சரும் அவர் கணவரும் கட்டிலின் மேல் உட்கார்ந்திருக்கிறார்கள், தண்ணீர் ஏறுகிறது, அழைத்துவர வேண்டும் என்று போன் வந்தது.

சகலை கேட்டிலிருந்து படகின் கயிற்றை அவிழ்த்தார். அவர் பின்னால் உட்கார்ந்து ஒரு துடுப்பை எடுத்துக்கொண்டார். இரண்டாவது துடுப்பு குறுக்குப் பலகையில் கிடந்தது. யாரும் எதுவும் சொல்வதற்கு முன்னால் நான் ஏறி அதை எடுத்துக்கொண்டேன். வயதான அம்மாவைத் தூக்க ஒரு பெண் வேண்டும் என்று ரெயின்கோட்டோடு மனைவியும் ஏறினாள். மாடியில் அக்கா செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தார். நான் இருக்கிற நாலு முடியை ஒதுக்கிவிட்டு, மார்பை நிமிர்த்தி, துடுப்பைக் கொஞ்சம் சாய்வாகப் பிடித்தேன். தண்ணீரில் படாவிட்டாலும் பரவாயில்லை, படத்தில் பட வேண்டும்.

குதிகாலில் ஏதோ குளிர்ந்தது. குனிந்து பார்த்தேன். வேப்பிலை ஒட்டியிருந்த இடத்துக்கு நேர் உள்ளே, வியர்த்த நெற்றி மாதிரி, படகு துளித்துளியாகக் கசிந்துகொண்டிருந்தது. அப்புறம் துளியாக இல்லை. இடது பக்கத்தில் ஒரு பொட்டு ஈரம் கிடையாது. வலது பக்கம் மட்டும், நான் உரித்த நீளத்துக்கு, மெஷின் போன பாதை அப்படியே தெரிய, தண்ணீர் உள்ளே வந்தது. படகு என் பக்கம் லேசாகச் சாய்ந்தது. நான் துடுப்பை இன்னும் படத்துக்குத் தோதாகவே பிடித்திருந்தேன்.

மனைவி எட்டிக் கசிவைப் பார்த்தாள். என் கையிலிருந்து துடுப்பை வாங்கிக்கொண்டு என்னை நடுப்பக்கமாக நகரச் சொல்லிக் கண் காட்டினாள். அவளும் சகலையும் ஒரே நேரத்தில் துடுப்பை இறக்கினார்கள், ஒரே நேரத்தில் எடுத்தார்கள். ஊட்டியில் அவள் கற்றது உண்மைதான் போலிருக்கிறது. படகு நேராகப் போனது. பால்கனிகளில் நின்றவர்கள் கையசைத்தார்கள்; அவர்களுக்கு. நான் இருவருக்கும் நடுவில், கணுக்கால் வரை தண்ணீரில் உட்கார்ந்துகொண்டு, முன்னால் என் மனைவியின் தோளையும் பின்னால் சகலையின் துடுப்பையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். இப்போது யார் மேல் பொறாமைப்படுவது என்பதே குழப்பமாக இருந்தது.

டீச்சர் வீட்டு வாசல் தெரிய ஆரம்பித்தது. திரும்பி வரும்போதாவது அக்கா மாடியில் நின்றுகொண்டிருப்பார். பாதித் தெருவுக்காவது போதும், கேட்டு வைத்துவிடுவோம் என்று திரும்பினேன்.

“அண்ணா, வரும்போது ஒரு பக்கம் நான் துடுப்புப் போடட்டுமா?”

சகலை என் முகத்தைப் பார்க்கவில்லை. என் காலைப் பார்த்தார்.

“தண்ணிய இறைங்க.”